கம்பனி மூடினாலும் சின்த் ஒலிக்க வேண்டும்: மலையகத்திலிருந்து வாங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மேடைக்கு ஓடும் யமஹா பிஎஸ்ஆர் கீபோர்டின் அடாப்டர் போனால் ஹட்டனிலோ பதுளையிலோ ஒரு கடையில் மாற்று கிடைக்கும். திருவிழா, தேவாலயம், கலியாண வீடு என்று எல்லா இடத்திலும் அந்த வகைக் கீபோர்டுகள் ஒலிப்பதால், அவற்றைத் திறந்து பார்த்துப் பழகிய கைகளும் நம் ஊர்களில் உண்டு. ஐரோப்பாவில் சில பேர் சேர்ந்து நடத்தும் ஒரு பட்டறையில் தொகுதி தொகுதியாகச் செய்யப்படும் சின்தசைசருக்கு (சுருக்கமாகச் சின்த், மின்சுற்றாலோ நிரலாலோ ஒலியை உருவாக்கும் கருவி) இந்த வசதி கிடையாது. வாங்கக் கேட்டால் கையிருப்பு இல்லை என்பார்கள். அடுத்த தொகுதி எப்போது என்றால் பதில் வராது. வாங்கிச் சில வருடம் கழித்து ஒரு குமிழ் ஆடத் தொடங்கும் நேரத்தில் கம்பனியே இருக்குமோ தெரியாது.

ஆனாலும் அந்த ஆசையில் நியாயம் இருக்கிறது. சாதாரணக் கீபோர்டில் சுரத்தை அழுத்தினால் அது அங்கேயே நிற்கும். பிட்ச் வீலைத் திருப்பினால் அழுத்திய எல்லாச் சுரமும் ஒன்றாக நகரும். ஒவ்வொரு விரலும் தன் சுரத்தைத் தனியாக அசைத்துக் கமகம் பிடிக்க வேண்டுமென்றால் எக்ஸ்பிரெசிவ் ஈ நிறுவனத்தின் ஒஸ்மோஸ், ரோலியின் சீபோர்ட், ரோஜர் லின்னின் லின்ஸ்ட்ருமென்ட் என்று சிறிய கம்பனிகளின் பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது. ஒஸ்மோஸ் தனக்குள்ளேயே ஒலியை உண்டாக்கும். மற்ற இரண்டையும் பெரும்பாலும் கணினியோடோ வேறு சின்தோடோ இணைத்துத்தான் வாசிக்கிறார்கள். நம் இசைக்கு மிக நெருக்கமாக வரும் கருவிகள் இப்படித் தாங்குவார் குறைந்த இடத்திலேயே இருக்கின்றன. அதனால் வாங்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: தயாரித்தவர் நாளைக்கே கடையைச் சாத்தினால், இந்தப் பெட்டியை நான் இங்கே இருந்துகொண்டு எத்தனை காலம் ஓட்டுவேன்? கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கேள்விக்கான வேலைகள்.

படி 1: பெட்டியைப் பார்க்கும் முன் செய்தவரைப் பாருங்கள்

இந்தத் துறையில் கம்பனிகள் விழுவதும் எழுவதும் பழைய கதை. புரொஃபெட்-5 என்ற சின்தை 1978இல் கொண்டுவந்த செக்வென்ஷியல் சர்க்கிட்ஸ் 1987இல் யமஹாவின் கைக்குப் போய் மறைந்தது. அதைத் தொடங்கிய டேவ் ஸ்மித் 2002இல் தன் பெயரில் புதிதாக ஆரம்பித்து, 2015இல் பழைய பெயரை யமஹாவிடமிருந்து திரும்பப் பெற்றார். 2021இல் அந்தக் கம்பனியை ஃபோகஸ்ரைட் நிறுவனம் வாங்கியது. ஜெர்மனியின் வால்டோர்ஃப் 2004இல் நொடித்து, பிறகு புதிய நிறுவனமாக எழுந்தது. ரோலி 2021இல் நொடிப்பு நடவடிக்கைக்குள் போய் வேறு உருவில் மீண்டது. மோக் 2023இல் இன்மியூசிக் நிறுவனத்திடம் சேர்ந்தது. பெரிய பெயர்களுக்கே இப்படியென்றால் சின்னப் பெயர்களைச் சொல்லத் தேவையில்லை.

கம்பனி விழாமலேயே உற்பத்தி நிற்பதும் உண்டு. 2020 ஒக்டோபரில் ஜப்பானின் நொபெயோகா நகரில் ஏகேஎம் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை எரிந்தது. ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றும் அதன் சிப்களை நம்பியிருந்த பலர் வேறு சிப்புக்காகச் சர்க்கிட்டை மாற்றி வரைய வேண்டியதாயிற்று. அதற்குப் பணமும் ஆளும் இல்லாத சிறு பட்டறைக்கு இது பேரிடி.

கம்பனி நிலைக்குமா என்று யாராலும் ஆருடம் சொல்ல முடியாது. அது போகும்போது நமக்கு எதை விட்டுப்போகும் என்பதை இப்போதே பார்க்கலாம். எமிலி ஜிலே நடத்திய மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற சின்த் நிறுவனம் 2022இன் இறுதியோடு நின்றது. அவர் தன் சர்க்கிட் வரைபடங்களையும் நிரல்களையும் திறந்த உரிமத்தில் முன்பே வெளியிட்டிருந்தார். அதனால் இன்றைக்கும் அந்தக் கருவிகளைப் பலர் செய்கிறார்கள், பழுதும் பார்க்கிறார்கள். லின்ஸ்ட்ருமென்டின் ஃபேர்ம்வேரும் (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) திறந்த நிரல்தான். ஆக்சஸ் வைரஸ் டிஐ என்ற சின்தின் கதை வேறு. அதைச் செய்தவர்கள் கிட்டார் பக்கம் திரும்பிவிட, உற்பத்தி நின்றது. உள்ளே என்ன நடக்கிறது என்பது ரகசியமாகவே இருந்தது. ஆர்வலர்கள் பல வருடம் உழைத்து அதன் சிப்பைக் கணினியில் போலச்செய்து காட்டிய பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

எனவே வாங்கும் முன் பாருங்கள்: சர்வீஸ் மனுவலோ சர்க்கிட் வரைபடமோ பொதுவில் கிடைக்கிறதா? கடைசி ஃபேர்ம்வேர் எப்போது வெளிவந்தது? முந்தைய மொடல்களுக்கு இன்னும் உதிரிப்பாகம் விற்கிறார்களா? கம்பனிக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். "இலங்கையில் இருக்கிறேன், குமிழும் அடாப்டரும் தனியாக அனுப்புவீர்களா?" என்று கேட்டால் போதும். காசு கொடுக்கும் முன்பே பதில் போடாதவர், கொடுத்த பிறகு போடுவார் என்று நம்ப வேண்டாம்.

முன்பணம் வாங்கி, செய்தபின் அனுப்பும் திட்டங்களில் இன்னும் கவனம் வேண்டும். ஒஸ்மோஸ் 2019இல் அறிவிக்கப்பட்டது. கைக்கு வரத் தொடங்கியபோது வருடங்கள் ஓடியிருந்தன. அது வந்து சேர்ந்தது. எல்லாமே வந்து சேருவதில்லை. தொலைந்தாலும் தாங்கும் அளவுக்கு மட்டும் முன்பணம் கட்டுங்கள். கடன் எடுத்துக் கட்ட வேண்டாம்.

படி 2: உள்ளே இருக்கும் பாகங்களை மூன்றாகப் பிரியுங்கள்

திறந்த நிலையில் எடுத்த படங்கள் பெரும்பாலான சின்த்களுக்கு இணையத்தில் கிடைக்கும். அவற்றை வைத்துக்கொண்டு பாகங்களைப் பிரிக்கலாம்.

முதல் வகை, எங்கும் கிடைப்பவை: கெபாசிட்டர், சாதாரண ஒலிச் செருகி, யூஎஸ்பி வாய், இரண்டு வரி எழுத்துத் திரை, பிரபலமான கம்பனிகளின் பொட்டென்ஷியோமீட்டர், என்கோடர் (இரண்டும் குமிழுக்கு அடியில் இருப்பவை). புறக்கோட்டை எலெக்ட்ரோனிக்ஸ் கடைகளில் கேட்டாலோ வெளிநாட்டில் ஓடர் போட்டாலோ கைக்கு வந்துவிடும். இரண்டாவது வகை, தேடினால் கிடைப்பவை. சிறு கம்பனிகள் பல தங்கள் விசைப்பலகையை இத்தாலியின் ஃபாட்டாரிடமிருந்து வாங்குகின்றன. மொடல் பெயர் தெரிந்தால் ரப்பர் தொடுகையைத் தனியாக வாங்க வழி உண்டு.

மூன்றாவது வகையில்தான் ஆபத்து: அந்தக் கருவிக்கென்றே செய்த ஐசி (சிப்), தொடுதிரை, விரலை உணரும் மேற்பரப்பு. அலெசிஸ் அண்ட்ரோமெடா என்ற சின்தின் ஒலியே அதற்கென்று வடிவமைத்த சிப்பில் இருக்கிறது. அது போனால் இன்னொரு அண்ட்ரோமெடாவை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ரோலண்ட் ஜூனோ-106இன் குரல் சிப்களும் காலப்போக்கில் கெடுவதற்குப் பேர்போனவை. ஆனால் அந்தச் சின்த் ஏராளமாக விற்றதால் மாற்றுச் சிப்களைச் செய்து விற்க ஆட்கள் முன்வந்தார்கள். புரொஃபெட்-5 போன்றவற்றில் இருந்த கர்ட்டிஸ் 3340 சிப்பும் அப்படித்தான், 2016இல் மீண்டும் உற்பத்திக்கு வந்தது. குறைவாக விற்ற கருவிக்கு இப்படி யாரும் இறங்கி வரமாட்டார்கள். மூன்றாவது வகைப் பாகம் நிறைய இருந்தால், விலை எவ்வளவு இறங்கியிருந்தாலும் நான் விலகிவிடச் சொல்வேன்.

படி 3: மின்சாரத்தைச் சரிபாருங்கள்

நம்மிடம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. ஜப்பானிய ஏலத்தில் பாவித்த சின்த் மலிவாகக் கிடைத்து, வந்த சந்தோஷத்தில் அப்படியே சுவரில் செருகினால் டிரான்ஸ்ஃபோர்மர் புகைந்துவிடும். பின்பக்கத்தில் "100-240" என்று இருந்தால் பிரச்சினை இல்லை. "100" என்று மட்டும் இருந்தால் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபோர்மர் கட்டாயம். கருவி இழுக்கும் வொட் அளவைவிட இரு மடங்கு தாங்கும் ஒன்றாக வாங்குங்கள்.

அடாப்டர் வெளியே இருக்கும் கருவிகளில் நான்கு விடயங்களை ஒரு காகிதத்தில் எழுதி அடாப்டரிலேயே ஒட்டிவிடுங்கள்: எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர், வெளிவருவது ஏசியா டிசியா, நடுமுனை பிளஸா மைனஸா. கிட்டார் பெடல்களில் நடுமுனை பெரும்பாலும் மைனஸ். பல சின்த்களில் பிளஸ். செருகி ஒரே அளவாக இருப்பதால் மேடையில் இருட்டில் மாறிப்போவது மிகச் சுலபம். அலெசிஸ் மைக்ரோன் போன்ற சிலவற்றுக்கு 9 வோல்ட் ஏசியே உள்ளே போக வேண்டும். டிசி அடாப்டர் உதவாது. மாற்று வாங்கும்போது வோல்ட் அச்சொட்டாக ஒத்திருக்க வேண்டும். அம்பியர் கூடலாம், குறையக் கூடாது.

எர்த் கம்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லயத்து வீடுகளிலும் பழைய கட்டடங்களிலும் வயரிங் பழையது. எர்த் இல்லாத இடத்தில் உலோக உடலில் கை வைத்தால் சுள்ளென்று இழுக்கும், ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கும். சதுர முள், வட்ட முள் இரண்டும் நம்மிடம் புழக்கத்தில் இருப்பதால் இடையில் மலிவான மாற்றுச் செருகி போடும் பழக்கம் உண்டு. அதில் எர்த் அறுந்துபோகும். மின்னியலாளரை ஒருமுறை கூப்பிட்டு அளந்து பாருங்கள். இதில் பணம் மிச்சம் பிடிக்க வேண்டாம். உங்கள் உயிரும் இதில் இருக்கிறது.

படி 4: வீட்டு வாசல் வரையான விலையைப் போடுங்கள்

கடை விலை, கூரியர் கட்டணம், காப்புறுதி, சுங்க வரி ஆகியவற்றைக் கூட்டி, வரி சேர்ந்த தொகையின் மேல் பெறுமதி சேர் வரியையும் சேர்க்க வேண்டும். 2024 ஜனவரி முதல் அது 18 சதவீதம். டொலரும் ஆடும்: 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாயைச் சுற்றி நின்றது, அதே வருடத்தில் 360ஐத் தொட்டது. 2020இல் பல பொருட்களின் இறக்குமதியே நிறுத்தப்பட்டது. இன்று ஓடர் போடக்கூடிய உதிரிப்பாகத்தை அடுத்த வருடமும் போடலாம் என்று கணக்குப் பண்ண வேண்டாம். கருவியோடு சேர்த்தே ஓர் உபரி அடாப்டர், இரண்டு என்கோடர், சில குமிழ் ஆகியவற்றை வாங்கிவிடுங்கள். ஒரே பொதியில் வந்தால் கூரியர் செலவும் ஒருமுறைதான்.

உத்தரவாதம் என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பல கம்பனிகளில் அது முதல் வாங்கியவருக்கு மட்டும்தான். அனுப்பும் செலவும் பெரும்பாலும் நம் தலையில்தான். பழுதுக்காகத் திருப்பி அனுப்ப நேர்ந்தால், தொடர் இலக்கத்தோடு சுங்கத்தில் முன்கூட்டியே ஆவணம் செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் சொந்தச் சாமானுக்கே மறுபடி வரி கேட்பார்கள். கருவிக்குள் லித்தியம் பற்றரி இருந்தால் எல்லாக் கூரியரும் ஏற்கமாட்டார்கள் என்பதையும் முதலிலேயே விசாரியுங்கள்.

படி 5: வந்த முதல் வாரத்திலேயே வதைத்துப் பாருங்கள்

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் எல்லாச் சோதனையும் முடிய வேண்டும். ஒவ்வொரு விசையையும் மெதுவாகவும் பலமாகவும் அழுத்துங்கள். ஒவ்வொரு குமிழையும் முழுச் சுற்றுத் திருப்புங்கள். திரையில் எண் குதித்தால் எழுதிவையுங்கள். ஒரு நாள் முழுவதும் ஓடவிட்டுச் சூடானபின் சுருதி நிற்கிறதா பாருங்கள். பெட்டியைப் பிரிப்பதிலிருந்து எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வையுங்கள்.

அதே வாரத்தில் கோப்புகளையும் சேருங்கள். பயனர் கையேடு, சர்வீஸ் மனுவல், இப்போதைய ஃபேர்ம்வேர், அதற்கு முந்தைய பதிப்புகள், கருவியின் ஒலிகளை மாற்றியமைக்கக் கணினியில் ஓடும் எடிட்டர் மென்பொருள், கருவியைக் கணினியோடு பேசவைக்கும் யூஎஸ்பி டிரைவர் ஆகிய எல்லாவற்றையும் இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். கம்பனி மூடும்போது முதலில் மறைவது அதன் இணையதளம்தான். கணினியும் காலை வாரும்: 2019இல் ஆப்பிளின் கட்டலினா பதிப்பு 32-பிட் மென்பொருட்களைக் கைவிட்டபோது, புதுப்பிக்க ஆளில்லாத எடிட்டர்கள் ஒரே நாளில் செத்தன. அதனால் எடிட்டர் சரியாக ஓடும் பழைய மடிகணினி ஒன்று வீட்டில் இருந்தால் அதை விற்க வேண்டாம். டிரைவர் கேட்காமல் நேராக வேலை செய்யும் யூஎஸ்பி மிடி (இசைக்கருவிகளும் கணினியும் ஒன்றோடொன்று பேசும் முறை) உள்ள கருவிக்கும், பழைய ஐந்து முள் மிடி வாய் உள்ள கருவிக்கும் ஆயுள் கூட. 1983இல் வந்த அந்த ஐந்து முள் இணைப்பு இன்றைக்கும் அப்படியே வேலை செய்கிறது.

நீங்கள் உருவாக்கிய ஒலிகளைச் சிசெக்ஸ் கோப்பாக (கருவியின் அமைப்புகளை மிடி வழியாக அனுப்பும் கோப்பு) இறக்குங்கள். விண்டோஸில் மிடி-ஓஎக்ஸ், மேக்கில் சிசெக்ஸ் லைப்ரேரியன் என்ற மென்பொருட்கள் போதும். மிக மலிவான யூஎஸ்பி மிடி கேபிள்கள் பெரிய சிசெக்ஸ் கோப்பை நடுவில் சிதைத்துவிடும். இறக்கியதை ஒருமுறை திருப்பி ஏற்றிப் பார்த்தால்தான் உறுதி. நினைவகத்தைத் தாங்க உள்ளே 2032 பற்றரி இருக்கும் கருவிகளில் அதை மாற்றும் முன் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். கோர்க் பொலிசிக்ஸ் போன்ற எண்பதுகளின் சின்த் வாங்கினால் பற்றரியை முதல் நாளே பாருங்கள். அது கசிந்து சர்க்கிட் போர்டையே தின்றுவிடும்.

ஃபேர்ம்வேர் ஏற்றும்போது பாதியில் கரண்ட் போனால் கருவி உயிரற்ற பெட்டியாகிவிடலாம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரேயடியாகக் கரண்ட் போனது நினைவிருக்கும். யூபிஎஸ் இல்லாமல் ஏற்ற வேண்டாம். புதிய பதிப்பில் உங்களுக்குத் தேவையான எதுவும் இல்லையென்றால் ஏற்றாமலேயே இருங்கள்.

படி 6: ஈரத்துக்கும் இடிக்கும் எதிராக

கொழும்பில் ஒரு சின்துக்கு எதிரி வெப்பமும் கடற்காற்றும். நம் பக்கம் பனிமூட்டமும் சுவரில் ஊறும் மழையும்தான். நுவரெலியா, தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை விடாது. துணி காயாத அறையில் சின்தும் காயாது. செருகிகள் கறுக்கும், ரப்பர் தொடுகைகள் மந்தமாகும், பொட்டென்ஷியோமீட்டர் கரகரக்கும், மரப்பக்கங்களில் பூஞ்சணம் பிடிக்கும்.

மருந்து எளிது. வாரத்துக்கு ஒருமுறையாவது கருவியை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். உள்ளே எழும் சூடு ஈரத்தை விரட்டும். எல்லாக் குமிழையும் நெம்பையும் அப்போது பல முறை அசையுங்கள். மூடுவதற்குப் பருத்தித் துணி நல்லது. பிளாஸ்டிக் தாளால் இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். சிறிய கருவியென்றால் காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போது சூடாக்கிக் காயவைக்க வேண்டும் என்று தெரியும். சீமெந்துச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள். வெளியே குளிரில் கொண்டுபோன கருவியைச் சூடான மண்டபத்துக்குள் கொண்டுவந்த உடனே போட வேண்டாம். உறைக்குள்ளேயே அரை மணி நேரமாவது இருக்கட்டும், இல்லையென்றால் உள்ளே நீர்த்துளி படியும்.

கரகரப்புக்கு டிஆக்ஸிட் போன்ற தொடுகைத் துப்புரவுத் திரவம் கொஞ்சமாகப் போதும். கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடிக்கவே வேண்டாம். அது பிசுபிசுப்பை விட்டு நாளடைவில் இன்னும் கெடுக்கும்.

மின்சுற்றிலேயே ஒலியை உண்டாக்கும் அனலொக் சின்த் குளிரில் சுருதி விலகும். காலைப் பூசைக்கு மேடை ஏறுவதென்றால் இருபது நிமிடம் முன்னதாகவே போட்டுவிட்டு, சூடேறியபின் தானியங்கிச் சுருதி சேர்ப்பை அழுத்துங்கள். போட்ட உடனே அழுத்தினால் பாட்டின் நடுவில் மறுபடி விலகும்.

இடி மின்னல் பெரும்பாலும் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் வரும். தூரத்தில் முழங்கும்போதே செருகியைக் கழற்றிவிடுங்கள், யூஎஸ்பி, ஒலி கேபிள்களையும் சேர்த்துத்தான். சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. சேர்ஜ் புரொடெக்டர் சின்ன ஏற்ற இறக்கத்துக்கு உதவும். பக்கத்தில் விழும் இடியைத் தாங்காது.

படி 7: பழுதுக்கு ஆளைப் பழுது வரும் முன்பே தேடுங்கள்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ சின்த் பழுது பார்ப்பவர் என்று பெயர்ப்பலகை இருக்காது. ஆனால் திறமை இருக்கிறது. திருவிழா அம்ப்ளிஃபையர் பழுது பார்ப்பவருக்கு மின்வழங்கி, கெபாசிட்டர், செருகி, பொட்டென்ஷியோமீட்டர் எல்லாம் கைவந்த வேலை. போன் கடைத் தம்பிகளிடம் சூடான காற்று ஊதும் கருவியும் நுண்ணோக்கியும் இருக்கும். உடைந்த யூஎஸ்பி வாயை மாற்றவும் பொடிப் பாகங்களை ஒட்டவும் அவர்களைவிடப் பொருத்தமானவர் கிடையாது. இருவரிடமும் சர்வீஸ் மனுவலை அச்சடித்துக் கொடுங்கள். ஒரு போர்டைக் கழற்றும் முன் ஒவ்வொரு கேபிளையும் படமெடுக்கச் சொல்லுங்கள். ஐசியின் மேலிருக்கும் பெயரைத் தயாரித்தவரே சுரண்டி எடுத்த கருவியென்றால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தேடித் தேடி அவர் நேரம் வீணாகக் கூடாது.

சின்ன வேலைகளை நீங்களே பழகலாம். சோல்டரிங் அயன், மல்டிமீட்டர், நல்ல ஸ்க்ரூ டிரைவர் தொகுதி, இவ்வளவுதான் செலவு. முதலில் பழைய ரேடியோவில் பழகுங்கள்.

படி 8: ஒலியைக் கருவிக்கு வெளியே வாழவையுங்கள்

உங்கள் குழுவின் பாட்டு ஒரு குறிப்பிட்ட ஒலியை நம்பியிருந்தால் அதைப் பதிந்து வையுங்கள். மூன்று அரைச்சுரத்துக்கு ஒரு சுரமாக, மெல்லவும் பலமாகவும் வாசித்துப் பதிந்தால் எந்தச் சாம்ப்ளரிலும் (பதிந்த ஒலியை விசைகளில் வாசிக்க உதவும் கருவி) ஏற்றி மேடையில் ஒப்பேற்றலாம். விரலசைவில் வரும் கமகத்தை இப்படிப் பிடிக்க முடியாது. அதற்குப் பாட்டையே முழுதாக வாசித்துப் பதிய வேண்டும். சிலவற்றுக்கு இலவச மென்பொருள் மாற்றும் உண்டு. யமஹா டிஎக்ஸ்7இன் சிசெக்ஸ் கோப்புகளை டெக்ஸ்ட் (Dexed) என்ற திறந்த மென்பொருள் அப்படியே ஏற்கும். ஒஸ்மோஸ், சீபோர்ட் போன்ற விரலசைவுக் கருவி வாங்குவோர், ஒவ்வொரு விரலின் அசைவையும் தனித்தனியாக மிடியில் அனுப்பும், 2018இல் பொதுத் தரமான எம்பிஇ முறையை அது பேசுகிறதா என்று உறுதிசெய்யுங்கள். பேசினால் உள்ளிருக்கும் ஒலி போனாலும் விசைப்பலகை வேறு சின்தோடு சேர்ந்து வாழும்.

படி 9: உற்பத்தி நின்றது என்ற செய்தி வந்தால்

அந்த வாரமே செய்ய வேண்டியவை சில உண்டு. கம்பனித் தளத்தில் இருப்பதை எல்லாம் மறுபடி இறக்குங்கள். கணக்கில் நுழைந்து உரிமம் செயல்படுத்த வேண்டிய மென்பொருள் இருந்தால் அதை உடனே செயல்படுத்தி, இணையமில்லாமல் ஓடுகிறதா என்று சோதியுங்கள். மிச்சமிருக்கும் உதிரிப்பாகத்தை வாங்க ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அதே சின்த் வைத்திருக்கும் வேறு நாட்டவர்களோடு சேர்ந்து கேட்டால், மூடப்போகிறவர் மொத்தமாகத் தர இணங்குவார். சர்க்கிட் வரைபடத்தை வெளியிடும்படி பணிவாகக் கேளுங்கள். வேலை செய்யாத இன்னொன்று மலிவாகக் கைக்கு வந்தால், உதிரிப்பாகத்துக்காக வாங்கி வைப்பது நல்ல முடிவு.

பயந்து உடனே விற்க வேண்டாம். செய்தி வந்த சூட்டில் பலர் விற்பதால் அப்போது விலை அடிமட்டத்தில் இருக்கலாம். முதல் படியிலும் இரண்டாம் படியிலும் உங்கள் கருவி தேறியிருந்தால், நீங்கள் வாங்குகிற பக்கத்தில் நிற்க வேண்டிய நேரம் அது.